கண்ணைக் கடைசியில் தைத்த கரடிகள்

முப்பது வருஷம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். அதில் பிற்பாதி முழுவதும் ஒழுக்காற்று விசாரணைக் கோவைகள்தான் என் மேசைக்கு வந்தன. ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் விளக்கம் கோரும் கடிதம். பிறகு குற்றப்பத்திரம், பதிலளிக்கத் தவணை, சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை, வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் திகதியும். இதில் ஒன்று குறைந்தாலும் கோவையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலதிகாரிகளுக்கு என்னைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றக் காரணங்களை அவர்கள் எழுத்தில் தரவில்லை.

என்னையே ஒருமுறை விசாரித்திருக்கிறார்கள். மேற்சொன்ன எதுவும் அதில் நடக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கரடிப் பொம்மைகளுக்கு மூக்கைத் தைத்த பிறகு கண்ணைத் தைக்கச் செய்தேன் என்பது குற்றம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பாதையில் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கொழும்புக்காரர்கள் எடுத்து, ஏற்றுமதிக்குப் பொம்மை செய்யும் இடமாக மாற்றியிருந்தார்கள். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டிய மேல்மாடியில் தையல் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அங்கே ஒரு மூலையைப் பலகையால் தடுத்து எனக்கு அறை கொடுத்திருந்தார்கள். வெளியே ‘பஞ்சிங்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே நான் ஒருத்திதான்.

இன்று இந்த வேலையைக் கணினியில் செய்கிறார்கள். அன்று கையால் செய்தோம். பொம்மையின் முகத்தை முதலில் ஆறு மடங்கு பெரிதாக வரைய வேண்டும். அந்தத் தாளைச் சாய்பலகையில் ஒட்டி, ஊசி விழ வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறிமுள்ளை நிறுத்திப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் கருவி காகித நாடா ஒன்றில் துளை போடும். ஒரு கரடி முகத்துக்கு ஆயிரக்கணக்கான அழுத்தல். அந்த நாடாவைத் தையல் இயந்திரத்துக்குக் கொடுத்தால், அதன் ஆறு தலைகளும் ஒரே நேரத்தில் ஆறு முகம் தைக்கும். நான் ஓரிடத்தில் கை தவறினால் ஆறு கரடிக்கும் அதே இடத்தில் மச்சம்.

இயந்திரத்தோடு வந்த வெளிநாட்டுத் தொழில்நுட்பக்காரர் மூன்று வாரம் தங்கிச் சைகையால் சொல்லிக்கொடுத்தார். மீதியைக் கையேட்டில் படித்தேன். அந்தக் கையேட்டை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படித்தவள் அந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான். அப்பா தோட்டத்து உபதேசியார். என்னை ஹட்டனில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். உயர்தரத்தில் கணிதம் தேறியிருந்தேன். இவ்வளவு இருந்தும் என் நியமனம் தற்காலிகம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும், இன்னும் மூன்று மாதம் இருக்கலாம் என்று. நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் அந்தச் சாய்பலகையில் முதுகை வளைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்மாடிக்குச் சுப்பவைசர் என் தோழி. ஒரே தோட்டம். பிரிவு மட்டும் வேறு, நான் கீழ்க்கணக்கு, அவள் மேற்கணக்கு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். பிறகு நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவள் கொழுந்து பறிக்கப் போனாள். பொம்மைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்கு வந்து சொன்னவள் அவள்தான். காலையும் மாலையும் மூன்று மைல் சேர்ந்து நடப்போம். அந்த நடையில் நான் பேசாத விஷயம் என்று ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வாய் அதிகம். அவள் நல்ல சிரிப்புக்காரி. வாய் அதிகமானவர்களுக்கு ஆபத்தான கூட்டாளி அப்படிப்பட்டவள்தான்.

ஒரு நாள் காலை என் அறைக்குள் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தேன். இருபது பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“மிஷின் ஓடலியா?” என்றேன்.

“ஓடும் மிஸ். நாடாவ மாத்திக் குடுத்தா ஓடும்,” என்றாள் அவர்களில் மூத்தவள். எல்லோருக்கும் அக்கா. அவளுடைய கன்னத்தில் சின்னப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முந்தின நாள் ஊசி ஒடிந்து, முனை தெறித்துக் கீறியிருந்தது.

“நாடாவுல என்ன?”

“ஊசி எங்க ஒடையுதுன்னு பாருங்க. போன வாரம் இவளுக்கு, நேத்து எனக்கு. ரெண்டு தடவயும் மூக்குலதான்.”

“மூக்குல தையல் நெருக்கம் அக்கா. ஊசி சூடாகி ஒடையும்.”

“அது இல்லீங்க. கண்ண மொதல்ல தச்சிடுறீங்க. கண்ணத் தொறந்து வச்சிட்டு மூஞ்சில குத்துகுத்துன்னு குத்துனா அது பாத்துக்கிட்டுச் சும்மா இருக்குமா? உங்கள அப்பிடிக் குத்துனா நீங்க இருப்பீங்களா?”

“மிஸ்ஸு திருப்பிக் குத்தும்,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் இயந்திரத்துப் பக்கம் நகரவில்லை.

“கோயில்ல சாமிக்கே கடசியிலதான் கண்ணு தொறக்குறாங்க. கரடி என்னா சாமிக்கு மேலயா?” என்றாள் அக்கா. பன்சலையிலும் அப்படித்தான், புத்தருக்குக் கண்ணை எழுதுவது கடைசியில்தான் என்று சிங்களப் பிள்ளை ஒருத்தி சிங்களத்தில் சொன்னாள். கழுத்தில் சிலுவை போட்டிருந்த இன்னொருத்தி, “எங்க மாதாவுக்கு எப்பிடின்னு தெரியல மிஸ். ஆனா பயமாத்தான் இருக்கு,” என்றாள். மூன்று மதமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

கண்ணை முதலில் தைப்பது என் விருப்பம் அல்ல. கையேடு அப்படித்தான் சொன்னது. வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய வேலைத்தாளிலும் கண், மூக்கு, வாய் என்றுதான் வரிசை. அதற்குக் காரணம் உண்டு. தையல் விழுந்த இடத்தை நோக்கித் துணி சுருங்கும். ஃபர் துணி என்றால் இன்னும் அதிகம். மூக்கை முதலில் நெருக்கித் தைத்தால் சுற்றியுள்ள துணியெல்லாம் மூக்கை நோக்கி இழுபடும். அதற்குப் பிறகு கண்ணைத் தைத்தால் இரண்டு கண்ணும் உள்பக்கம் தள்ளி விழும். கரடி தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். துணி இழுபடுவதற்கு முன்னால் கண்ணைத் தைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறைவு.

அன்று மாலை நடக்கும்போது இதையெல்லாம் தோழிக்குச் சொன்னேன். அவள் கேட்டாள், “ஒன்னால முடியாதாடி? கணக்குல பெரிய ஆளுன்னு சிஸ்டர்மார் சொன்னாங்களே.”

“முடியும். எவ்வளவு இழுக்குதுன்னு அளந்து, கண்ண அவ்வளவு வெளிய தள்ளி வரையணும்.”

“அப்ப செய்யேன்டி. புள்ளைங்க நெசமாவே பயப்படுதுங்க. நாளைக்கும் நிப்பாட்டிட்டா எங்கழுத்துலதான் கத்தி.”

“சரி. எல்லாரும் கையெழுத்து வச்சு ஒரு கடுதாசி குடுங்க. நான் ஃபைல்ல போட்டுட்டுச் செய்றேன்.”

அவள் நடுப்பாதையில் நின்றுவிட்டாள். “நமக்குள்ள என்னடி கடுதாசி?”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கடிதம் வாங்கவில்லை.

இரண்டு வாரம் பழைய துணியில் தைத்துத் தைத்து அளந்தேன். மூக்கு, வாய், கடைசியில் கண். ஒவ்வொரு கண்ணும் துணியில் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே வந்தது. ஆறு மடங்கு வரைபடத்தில் ஒன்பது மில்லிமீட்டர். அந்த ஒன்பதை வெளியே தள்ளி வரைந்து புது நாடா அடித்தேன். கரடி நேராகப் பார்த்தது. மூக்கின் தையல் நெருக்கத்தையும் கொஞ்சம் குறைத்ததால் ஊசி ஒடிவதும் நின்றது. ஆனால் அந்தப் பெருமை முழுவதும் கண் திறப்புக்கே போயிற்று. அக்கா எனக்கு ஒரு நெகிழிப் பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்து தந்தாள்.

வேலைத்தாளைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்துவதென்றால் மனேஜரின் அனுமதி வேண்டும், அவர் வெளிநாட்டுக்கு எழுத வேண்டும். அவர் எழுத மாட்டார். கேள்வி கேட்கிறவர்களை வேலை தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவருடைய கொள்கை. ஆகவே தாளில் கண் முதலில், நாடாவில் கண் கடைசியில் என்று ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுத்தில் இல்லாமல் செய்த ஒரே மாற்றம் அதுதான்.

“மனேஜர் கண்டுபிடிச்சா?” என்று தோழி கேட்டாள். மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை.

“அந்தாளா? கரடிக்கு எத்தன கண்ணுன்னு கேட்டாலே தாளப் பாத்துத்தான் சொல்வாரு. சாகுற வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டாரு,” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இன்னும் இரண்டு மூன்று சொன்னேன். சிரிக்கிறவர்களுக்கு முன்னால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மாதிரிக் கரடிகளை வெளிநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பெரிய ஓடர் வரப்போகிறது என்று பேச்சு. அந்த நேரத்தில்தான் எனக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. எப்போதோ விண்ணப்பித்து மறந்துபோனது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. பதினான்கு நாளைக்குள் பொறுப்பேற்க வேண்டும், தவறினால் நியமனம் ரத்தாகும்.

“கவர்மெண்டு வேலம்மா. யோசிக்காத,” என்றார் அப்பா.

மனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அவர் அறையில் நான் நின்றுதான் பேசியிருக்கிறேன். “நீங்க போனா பஞ்சிங் இல்ல. பஞ்சிங் இல்லாட்டி இந்த ஓடர் இல்ல. இது கப்பல்ல ஏறின அடுத்த நாள் உங்களுக்கு நிரந்தரக் கடிதம். என்ட வார்த்த,” என்றார். எழுத்தில் தருவீர்களா என்று அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

தோழி அழுதேவிட்டாள். “அக்கரப்பத்தனையில போயி குளிர்ல செத்துப்போகப் போறியா? நீ போயிட்டா அந்த மாடியில எனக்கு யாருடி இருக்கா? மேல மனேஜரு, கீழ புள்ளைங்க, நடுவுல நான் ஒருத்தி எப்பிடி நிப்பேன்?”

பன்னிரண்டாம் நாள் நியமனத்தை ஏற்க இயலவில்லை என்று கல்விக் காரியாலயத்துக்கு எழுதினேன். பிரதி ஒன்று வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது. கையெழுத்து நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

ஓடர் ஜூன் மாதத்தில் வந்தது. எங்கள் பக்கத்து ஜூனைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூரியனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. துவைத்த துணி வாரக்கணக்கில் அடுப்புக்கு மேல் தொங்கும். எங்கள் மேல்மாடியோ கொழுந்து வாட்டுவதற்காக நாலு பக்கமும் காற்று வரும்படி கட்டியது. ஜன்னலை மூடினாலும் மூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபர் துணிக்கு அடியில் வைத்துத் தைக்கும் தடித்த தாள் ஈரத்தில் நனைந்து தளர்ந்துவிட்டது. தாள் தளர்ந்தால் துணி இன்னும் அதிகம் இழுபடும். நான் அளந்த ஒன்றரை மில்லிமீட்டர் பங்குனி மாதத்து வெயிலில் அளந்தது. ஜூன் மழையில் அது இரண்டுக்கு மேல் போயிற்று. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்களில் நான் அறைக்குள் அடுத்த ஓடருக்கான முயல் முகத்தை அடித்துக்கொண்டிருந்தேன், வெளியே வந்து பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமையே அக்கா இரண்டு கரடியைத் தூக்கிக்கொண்டு போய் என் தோழியிடம் காட்டியிருக்கிறாள், கண் மாறிப் போகிறது என்று. சுவரில் அன்றைய இலக்கு எழுதிய பலகை தொங்கியது. தோழி அதைத்தான் பார்த்தாளாம், கரடியைப் பார்க்கவில்லையாம். “ஓட்டு,” என்றாளாம். நாடாவை நிறுத்தி என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரே நாளில் திருத்திக் கொடுத்திருப்பேன். என் அறைக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பிறகுதான், வேலை போனபின் அக்காவின் தங்கை சொல்லி.

அடுத்த செவ்வாய் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து பெட்டிகளைத் திறந்தாள். பெட்டி பெட்டியாகக் கரடிகள், எல்லாம் தத்தம் மூக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வேலைத்தாளை வாங்கிப் படித்தாள். பிறகு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு முகம் தைத்து முடியும் வரை பார்த்தாள். மூக்கு, வாய், கண். மனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். மனேஜர் என் அறையைப் பார்த்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். மனேஜர் உட்கார்ந்திருந்தார். தோழி சுவரோரம் நின்றாள். அன்று காலை அவள் எனக்காகக் காத்திராமல் முன்னாலேயே நடந்து வந்துவிட்டாள். வயிற்று வலியாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் தனியாக வந்திருந்தேன்.

“நீங்கதானே வரிசைய மாத்தினது?” என்றார் மனேஜர்.

“ஆமா சார். மாடியில எல்லாரும் கேட்டாங்க. மூக்குல குத்துறதுக்கு முந்தி கண்ணத் தைக்கக் கூடாதுன்னு. மிஷின ஓட்ட மாட்டம்னு நின்னாங்க.”

“யார் கேட்டது?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த நூல்கட்டையின் நூல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுடி,” என்றேன்.

“எங்களுக்கு நாடாவப் பத்தி என்னா சார் தெரியும்? மிஸ் குடுக்கறத நாங்க ஓட்டுறோம்,” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை மிஸ் என்று கூப்பிட்டதில்லை.

மனேஜர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. கீழே அவளுடைய தமிழ்க் கையெழுத்து. திகதி இல்லை. அவர் வாசித்தார். நாடாவை மாற்றியது நான். மனேஜரிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான். அப்புறம் மேற்கோள் குறிக்குள் என் வாக்கியம் வந்தது. கரடிக்கு எத்தனை கண் என்று கேட்டால் தாளைப் பார்த்துத்தான் சொல்வார், சாகும் வரை கண்டுபிடிக்க மாட்டார். ஆங்கிலத்தில் அதில் சிரிப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு வினைச்சொல்லின் காலம் வேறு பிழையாக இருந்தது. ஆனால் வாக்கியம் என்னுடையதுதான், ஒரு சொல் கூடக் குறையவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அதை அப்படியே மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

“நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“கரடிகளப் பிரிச்சுத் தைக்கலாம்,” என்றார் அவர். தாளை மடித்தார். “இத என்னால பிரிக்கேலாது.”

குற்றப்பத்திரம் இல்லை. தவணை இல்லை. சாட்சியைக் கேள்வி கேட்க எனக்கு வாய்ப்பும் தரவில்லை. கொடுத்திருந்தால் ஒன்றே ஒன்று கேட்டிருப்பேன்: செவ்வாய்க்கிழமை அக்கா உன்னிடம் என்ன காட்டினாள்? அன்று அது எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்க முடியாது என்பதால்தான் தவணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

என் அறையிலிருந்து அளவுகோலையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மாடி வழியாக நடந்தேன். ஒரு தலை கூட நிமிரவில்லை. அக்கா ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த நூல் கோப்பதற்கு அவ்வளவு நேரம் ஆனது அன்றுதான். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளை குட்டி உண்டு, வாயைத் திறந்தால் வேலை போகும், பாவம் என்று நியாயம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அலுவலகத்தில் பிறருடைய கோவைகளில் அப்படி எழுதியும் இருக்கிறேன். என்னுடைய கோவையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஓடர் நின்றுவிட்டது, ஆள் குறைக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். அப்பா வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அக்கரப்பத்தனை என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு எனக்கு முன்னால் உச்சரிக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோழி செய்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், ஒருத்தி உன்னை இவ்வளவு லேசாக ஏமாற்றினாளா என்று கேட்பார்கள் அல்லவா.

ஒரு வருஷம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எழுதுவினைஞர் பரீட்சைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். வேறு அடிக்க ஆள் இல்லாததால் தொழிற்சாலையில் என் நாடாதான் ஓடிக்கொண்டிருந்தது என்று கேள்விப்பட்டேன். வெயில் வந்ததும் கரடிகள் நேராகப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. மனேஜர் அதைத் தன் கெடுபிடியின் விளைவு என்று எடுத்துக்கொண்டார். தோழிக்கு மாடி முழுவதற்கும் பொறுப்பாளர் பதவி கொடுத்திருந்தார்கள். அதுவும் நிரந்தரமாக.

அடுத்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பூசை முடிந்து நாங்கள் சாப்பிட்டு ஓய்ந்த நேரம், அவள் வந்தாள். குடையையும் மீறித் தலையும் காலும் நனைந்திருந்தாள். கையில் பேக்கரிப் பனிஸ் சுற்றிய கடதாசிப் பொட்டலம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அடி என் தங்கமே, எத்தன நாளாச்சு! இந்தப் பக்கமே தல காட்டாமக் கெடக்கியே,” என்று அவள் தலையைத் துவட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

தோழி தன் தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். நான் இளைத்துவிட்டேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“திரும்பக் கண்ணு மாறுதுடி. மழைக்கு. ரெண்டு நாளா மிஷின நிப்பாட்டி வச்சிருக்கேன். ஒரு புதுப் புள்ள பொத்தான் அழுத்துவா, அவளுக்குக் கணக்குத் தெரியாது. மழைக்கு எவ்வளவு தள்ளணும்னு ஒனக்குத் தெரியும்ல?”

தெரியும். வேலை போன மாதத்திலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் முடிக்காமல் என்னால் தூங்க முடியவில்லை.

“மனேஜர் அனுப்புனாரா?” என்றேன்.

“அய்யோ, அவருக்குத் தெரியாது நான் வந்தது. தெரிஞ்சா அவ்வளவுதான்.”

நான் பெட்டியிலிருந்து என் அளவுத்தாளை எடுத்தேன். அவள் கையை நீட்டாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாள் வேணாம்டி. ஒன் எழுத்த அவரு பாத்தாருன்னா கண்டுபுடிச்சிருவாரு. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்.”

ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் எடுத்தாள். தயாராகத்தான் வந்திருந்தாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே நல்ல விளக்கம் இல்லை. கணக்கு சரியாக வந்திருந்தது. சரியான கணக்கு பெட்டிக்குள் கிடப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. அவ்வளவுதான் காரணமாக இருக்கும். மூக்குக்கு எவ்வளவு என்று சொன்னேன், எழுதினாள். வாய்க்குச் சொன்னேன், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே குண்டு எழுத்து. இன்னும் இரண்டு நாளில் இது மனேஜரின் மேசைக்கு அவள் கணக்காகப் போகும் என்று தெரிந்தது. அவள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“கண்ணுக்கு?”

“அத மனேஜர் வந்து கேக்கட்டும்,” என்றேன்.

“வெளையாடாதடி.”

“வெளையாடல.”

“அவரு எப்பிடிடி வருவாரு? நான் என்னான்னு போய்ச் சொல்றது?”

“நடந்தத சொல்லு. யாரு மாத்தச் சொன்னா, செவ்வாக்கெழம யாரு கரடியக் காட்டுனா, யாரு ஓட்டச் சொன்னா. எல்லாம் சொல்லிக் கூட்டிக்கிட்டு வா. சொல்றேன்.”

அவள் முகம் முதலில் வெளுத்தது. பிறகு கோபம் வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவளுக்குக் கோபம் வந்ததுதான்.

“அந்தாளு மொதல்லயே முடிவு பண்ணிட்டாருடி. ஒருத்தி போகணும்னா நீயா நானான்னுதான் கேட்டாரு. ஒனக்குப் படிப்பு இருக்கு, எங்கயும் பொழச்சுக்குவ. எனக்கு என்னா இருக்கு? திரும்பக் கொழுந்துக்குப் போகவா?”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. மூணு மைலு தெனமும் ஒண்ணாத்தானே நடந்தோம்.”

“சொன்னா நீ விட்டுக் குடுத்திருப்பியா?”

விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் என் சிரிப்புப் பேச்சைத் தட்டச்சில் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அதை மட்டுமாவது என்னோடு வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

“நீ ரொம்ப மாறிட்டடி,” என்று சொல்லிக் கொப்பியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். தேத்தண்ணியைத் தொடாமல், குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மனேஜர் வரவில்லை. அந்த மழைக்காலத்தோடு கண் தைப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள், பிளாஸ்டிக் கண் வாங்கிப் பொருத்துகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடமிருந்த எண்ணுக்கு அதோடு வேலையில்லாமல் போயிற்று.

அன்று அவள் போன பின் அம்மா ஆறிய தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டினாள்.

“மழையில நனஞ்சு வந்த புள்ளைய ஒரு வாய் சோறு திங்க வைக்காம அனுப்பிட்டியே. அப்பிடி என்னாடி அவசரம் அவளுக்கு?”

“வேல இருக்காம்,” என்றேன்.

“ஞாயித்துக்கெழமையிலயுமா வேல வாங்குறானுங்க, பாவம்.” அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். பனிஸ் நனையாமல் இருந்தது. தான் நனைந்தாலும் அதை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அம்மா ஒன்றை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள்.

“நல்ல புள்ள,” என்றாள்.

நான் வாங்கித் தின்றேன்.